இசட்-இசட் செடி இடத்தை அடைத்தால்: வெட்டுவதா, பிரிப்பதா, நெருக்கி வைப்பதா?

இசட்-இசட் செடியைப் பற்றி எல்லோரும் சொல்வது இரண்டு விஷயம்: வெளிச்சம் குறைந்தாலும் தாங்கும், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது. இரண்டும் உண்மை. நாலைந்து வருடத்தில் இது எவ்வளவு இடம் கேட்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மேசை மேல் அடக்கமாக இருந்த செடி தரைக்கு இறங்கும். தண்டுகள் நாலாபக்கமும் விரிந்து, போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் உரசும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். கத்திரிக்கோலை எடுப்பதா, பெரிய தொட்டிக்கு மாற்றுவதா, பாதியைப் பிரித்து யாருக்காவது கொடுத்துவிடுவதா என்ற யோசனை அப்போதுதான் வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செடியின் அளவைத் தீர்மானிப்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதைத் தொடாமல் மேலே என்ன வெட்டினாலும் சில மாதங்களில் பழைய கதைதான். ஆனால் கிழங்கில் கை வைக்க எல்லா நேரமும் தேவையும் இல்லை. உங்கள் புகார் எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். "ரொம்பப் பெரிசாயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் உயரம், சாய்வு, கூட்டம் என்று மூன்று வேறு வேறு தொல்லைகள் இருக்கின்றன.

எது வளர்கிறது?

நாம் தண்டு என்று சொல்வது தாவரவியல்படி தண்டு இல்லை, ஒரு கூட்டிலை. நடுவில் தடித்த காம்பு, இரண்டு பக்கமும் பளபளக்கும் சிற்றிலைகள், எல்லாம் சேர்ந்து ஒரே இலை. நிஜமான தண்டு மண்ணுக்குள் படுத்திருக்கும் கிழங்குதான். அதிலிருந்து கூர்மையான பச்சைக் குருத்து மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பும், இளம்பச்சையாக விரியும், சில வாரங்களில் கரும்பச்சையாக இறுகும். இறுகிய இலை அதற்குமேல் நீளாது.

அப்படியானால் செடி எப்படி வருடத்துக்கு வருடம் உயரமாகிறது? கிழங்கு பெருக்கப் பெருக்க, அது அனுப்பும் புது இலை முந்தைய இலையைவிட நீளமாக வருகிறது. சின்னத் தொட்டியில் ஒரு சாண் உயரத்தில் இருந்த செடி பிற்பாடு 60 செ.மீ., 90 செ.மீ. என்று போவது இப்படித்தான். நல்ல இடம் கிடைத்தால் ஒரு மீட்டரையும் எட்டும்.

இவ்வளவு பெரிய கிழங்கு எதற்கு என்றால், பிறந்த ஊர் அப்படி. கென்யாவில் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதி வரை, நீண்ட வறட்சி வந்து போகும் கிழக்கு ஆப்பிரிக்க நிலங்கள் இதன் தாயகம். மழை கிடைக்கும்போது கிழங்கில் சேர்த்து வைக்கும். வறட்சி மிஞ்சினால் சிற்றிலைகளை உதிர்த்துவிட்டு, தடித்த காம்பின் அடியையும் கிழங்கையும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். 1829-இல் லண்டனின் லாடிஜஸ் நர்சரி இதை கலேடியம் (வண்ண இலைக்காக வளர்க்கும் கிழங்குச் செடி) இனம் என்று எண்ணிப் பெயர் வைத்தது. ஜாமியோகுல்காஸ் ஜாமிஃபோலியா என்ற இன்றைய பெயர் 1905-இல் ஜெர்மன் தாவரவியலாளர் எங்ளர் வைத்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் தாவரவியல் தோட்டங்களில்தான் கிடந்தது. 1996 வாக்கில் டச்சு நர்சரிகள் பெருமளவில் பெருக்கத் தொடங்கிய பிறகே வீடு, அலுவலகம், வங்கி, மருத்துவமனை வரவேற்பறை என்று எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்தது.

கத்திரிக்கோல்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். செம்பருத்தியையோ குரோட்டனையோ வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்து பக்கக்கிளை விட்டு அடர்த்தியாகும். அந்தப் பழக்கத்தில் இசட்-இசட் தண்டையும் பாதியில் நறுக்குகிறார்கள். வெட்டுவது கிளையை இல்லை, இலையை. வெட்டிய இடத்தில் மொட்டு கிடையாது, எதுவும் துளிர்க்காது. மொட்டையான முனை காய்ந்து பழுப்பாகி, அந்த இலை இருக்கும்வரை அப்படியே நிற்கும். நுனியை மட்டும் நறுக்கி உயரத்தைச் சமப்படுத்திய செடியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகவே இருக்கும்.

வெட்டுவதென்றால் மண்ணை ஒட்டி, முழு இலையாக வெட்ட வேண்டும். மஞ்சளான பழைய இலை, ஒரு பக்கமாகச் சாய்ந்து வழியை மறிக்கும் இலை, கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் அளவுக்கு மீறி நீண்ட இலை ஆகியவற்றுக்கு இது சரியான வைத்தியம். ஐந்து நிமிட வேலை, செடிக்கு அதிர்ச்சியும் இல்லை. ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. கிழங்குக்குச் சாப்பாடு சமைத்துப் போடுவது அந்த இலைகள்தான்.

இதன் குறை என்ன? கிழங்கு அப்படியே இருக்கிறது. அதில் சேமிப்பும் இருக்கிறது. வெட்டிய இலைக்குப் பதிலாக அதே நீளத்தில் இன்னொன்றை அனுப்பிவிடும். ஆக, இது முடிவே இல்லாத வேலை. போதாக்குறைக்கு வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறிய மனம் வராது. வெட்டிய காம்புத் துண்டை ஈரப்பதமான மணலிலோ கோகோபீட்டிலோ (தேங்காய் நார்த்தூள்) செருகினால் அடியில் சிறு கிழங்கு திரண்டு வேர் விடும். தனிச் சிற்றிலைகூட வேர் விடும், ஆனால் அதிலிருந்து ஒரு புதுக் குருத்து வெளியே வர ஆறு மாதம், சில நேரம் ஒரு வருடம்கூட ஆகும். இடம் போதவில்லை என்று வெட்டத் தொடங்கியவர் ஜன்னலோரம் பத்துக் கிண்ணம் அடுக்கி வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

நெருக்கி வைத்துப் பட்டினி போடுவது

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். இந்தச் செடிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. தொட்டி நிறைந்த பிறகு கிழங்கு பருக்க இடமில்லாததால் புதுக் குருத்துகள் குறையும். உரத்தை நிறுத்தி, மண் அடிவரை காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மெதுவாகும். தண்ணீர் தட்டுப்படும்போது, பல கள்ளிச் செடிகளைப் போலவே, இரவில் கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்துக்கொண்டு பகலில் இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காத்துக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு. எனவே தண்ணீரைக் குறைப்பது சித்திரவதை இல்லை, அதன் இயல்புக்கு உட்பட்டதுதான். இலைக்காம்பு சுருங்கி வரிவரியாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு நாள் இப்படி ஓட்டலாம்? இரண்டு மூன்று வருடம் தாராளமாக. அதற்குப் பிறகு தொட்டியே பேசத் தொடங்கும். வடிகால் துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும். ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாக ஓடி நொடியில் தட்டில் வந்து நிற்கும். பிளாஸ்டிக் முட்டை வடிவமாகும், மண் தொட்டி விரிசல் விடும். மேலே கனம், கீழே சின்னத் தொட்டி என்பதால் செடி கவிழவும் வாய்ப்பு உண்டு. இதற்கு மட்டும் எளிய வழி, கனமான வெளித்தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைப்பது.

அளவு இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்து, "இதற்குமேல் வேண்டாம்" என்பதுதான் உங்கள் நிலை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஏற்கெனவே பெரிதாகிவிட்ட செடியை இது சின்னதாக்காது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு தவறான கணக்கு

இருட்டான மூலையில் வைத்தால் வளர்ச்சி குறையும், செடியும் சின்னதாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். முதல் பாதி சரி. குருத்துகளின் எண்ணிக்கை குறையும். வருகிற குருத்து மட்டும் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, சிற்றிலைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, ஜன்னல் இருக்கும் பக்கமாகச் சாய்ந்துவிடும். உயரமும் சாய்வும்தான் உங்கள் தொல்லை என்றால், அந்தத் தொல்லையை உண்டாக்கியதே அந்த மூலையாக இருக்கலாம்.

நல்ல வெளிச்சம் விழும், உச்சிவெயில் நேரடியாக அடிக்காத ஜன்னலோரத்துக்கு மாற்றிப் பாருங்கள். அடுத்து வரும் இலைகள் குட்டையாக, நெருக்கமாக, நிமிர்ந்து வரும். ஏற்கெனவே நீண்டுவிட்டவை சுருங்காது. அவற்றில் மோசமானதை மண்ணோடு வெட்டிவிடலாம். தொட்டியைத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கால் சுற்று திருப்பி வைத்தால் ஒரு பக்கச் சாய்வு வராது. இதற்கும் ஒரு விலை உண்டு. வெளிச்சம் கூடினால் குருத்துகளின் எண்ணிக்கையும் கூடும். கூட்டம்தான் உங்கள் புகார் என்றால் ஜன்னலோரம் உதவாது. அதற்குக் கிழங்குக்குத்தான் போக வேண்டும்.

கிழங்கில் கை வைப்பது: மூன்று வழி

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தால் அப்புறம் மூன்று விதமாகப் போகலாம். பெரிய தொட்டிக்கு மாற்றலாம், இரண்டு மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக நடலாம், கொஞ்சம் கிழங்கை நீக்கிவிட்டு மீதியை அதே தொட்டியில் திருப்பி வைக்கலாம். முதல் இரண்டையும்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது.

பெரிய தொட்டி என்பது செடியிடம் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்வது. தரையில் இடம் இருக்கிறது, பெரிதாக நின்றால் அழகுதான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பழைய தொட்டியைவிட 2 முதல் 5 செ.மீ. அகலம் கூடினால் போதும். இரண்டு மடங்கு பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும். கிழங்கு அழுகுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். இந்தச் செடி தாகத்தால் சாவது அபூர்வம், தண்ணீர் மிகுந்து சாவதுதான் வழக்கம்.

மற்ற இரண்டுக்கும் முதல் கட்டம் ஒன்றே. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் மண்ணைக் காயவிடுங்கள். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பிளாஸ்டிக்கானால் சுற்றிலும் உள்ளங்கையால் அழுத்தித் தளர்த்துங்கள். இலைகளைப் பிடித்து இழுத்தால் காம்போடு கழன்று வந்துவிடும். அடி மண்ணைப் பிடித்தே வெளியே எடுக்க வேண்டும். வயிறு பருத்து வாய் குறுகிய பீங்கான் தொட்டியில் வைத்திருந்தால் சிக்கல்தான். கிழங்கு அந்த வயிற்றை நிரப்பியிருக்கும், வாய் வழியாக வராது. தொட்டியை உடைப்பதா செடியை வெட்டுவதா என்று வந்து நிற்கும்.

வெளியே எடுத்தால் மண் அதிகம் தெரியாது. தடித்த வெளிர் நிற வேர்கள் தொட்டியின் உருவத்திலேயே சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். அதை உதிர்த்துப் பார்த்தால் பழுப்புத் தோலோடு உருண்டை உருண்டையாகக் கிழங்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பயந்து உடனே கத்தியைத் தேட வேண்டியதில்லை. நர்சரியில் பெரும்பாலும் பல துண்டுகளைச் சேர்த்து நட்டுத்தான் ஒரு தொட்டியை நிரப்புகிறார்கள். அதனால் வேரைப் பொறுமையாகச் சிக்கெடுத்தால் பல செடிகள் வெட்டாமலே கையோடு பிரிந்து வரும். ஒட்டியிருப்பதை மட்டும் சுத்தமான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். உள்ளே வெளிறிய சதை ஈரமாக இருக்கும். பழுப்பாக, குழைந்து, நாற்றம் அடித்தால் அது அழுகல். நல்ல சதை தெரியும்வரை வெட்டி எறிய வேண்டும். வெட்டுக்காயம் காய ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டு நட வேண்டும். நட்டவுடன் தண்ணீர் ஊற்றாமல் சில நாள் பொறுப்பது இன்னும் பாதுகாப்பு.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. சிலருக்குத் தோல் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும், வாயில் போட்டால் எரிச்சலும் வீக்கமும் வரும். குழந்தையும் நாயும் பூனையும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டில் வைத்தாலே புற்றுநோய் வரும் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இனி பிரிப்பதற்கும் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம். பிரித்தால் ஒன்று மூன்றாகும், ஒவ்வொன்றும் பழையதைவிடச் சின்னதாக இருக்கும். கொடுக்க ஆள் இருந்தாலோ வேறு அறைகளில் வைக்க இடம் இருந்தாலோ நல்லதுதான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, பிரித்ததைக் கிழங்குக்கு ஒட்டிய சின்னத் தொட்டியில் நட வேண்டும். தாராளமான தொட்டியில் நட்டால் பழைய அளவைச் சீக்கிரமே எட்டிவிடும், செய்த வேலை வீண். இரண்டாவது, நெருக்கமாக இருந்தபோது ஒன்றையொன்று தாங்கி நின்ற இலைகள் தனியாக வந்ததும் நாலாபக்கமும் சரியும். வேர் பிடிக்கும்வரை ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டியிருக்கும். சில மாதம் செடி பார்க்க அழகாக இருக்காது. நடு வீட்டில் வைத்திருக்கும் செடி என்றால் இது சிலருக்குப் பெரிய விஷயம்.

குறைப்பதில் செடி ஒன்றாகவே இருக்கிறது, தொட்டியும் அதேதான். வெளியோரத்தில் சாய்ந்து நிற்கும் நீண்ட இலைகளை அவற்றின் கிழங்கோடு நீக்கிவிடுகிறோம். இலையே இல்லாமல் இடத்தை மட்டும் அடைத்துக் கிடக்கும் பழைய கிழங்குகளையும் எடுத்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் நிமிர்ந்த கூட்டத்தைப் புது மண் கலவையோடு திருப்பி வைக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு கிழங்கு போனால்கூட வித்தியாசம் நன்றாகத் தெரியும். செடி சாயாது, பார்வைக்கு உடனே அடக்கமாகிவிடும், தண்ணீர் மறுபடி மண்ணில் இறங்கும், அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு நெருக்கி வைக்கும் வழியையே தொடரலாம். கலவையில் பாதிக்குப் பாதி பெர்லைட்டோ (தண்ணீர் தேங்காமல் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்) கரடுமுரடான மணலோ இருப்பது கிழங்குக்குப் பாதுகாப்பு.

கலேடியம் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். அங்கே கிழங்கின் நடு மொட்டைக் கத்தி முனையால் தோண்டி எடுத்துவிட்டால் பக்க மொட்டுகள் விழித்து, சின்னச் சின்ன இலைகளாக அடர்ந்து வரும். செடி குட்டையாகும். இசட்-இசட் கிழங்கில் அதே வேலையைச் செய்து பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேகமே வேறு. கலேடியம் ஒரே பருவத்தில் பதில் சொல்லிவிடும். இது பல மாதம் யோசிக்கும், அதற்குள் காயம் அழுகாமல் இருக்க வேண்டும்.

மருந்தும் குட்டை ரகமும்

தொட்டிச் செடிகளைக் குட்டையாக வைக்க வணிக நர்சரிகள் பாக்ளோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி அடக்கிகளைப் பயன்படுத்துவதுண்டு. ஜிப்ரலின் என்ற நீட்சி ஹார்மோன் உருவாவதை அது தடுக்கும். வீட்டில் ஒரு செடிக்காக அதைத் தொடத் தேவையில்லை. அளவு பிசகினால் செடி கூனிக்குறுகிப் போகும், மண்ணிலும் நீண்ட நாள் தங்கும்.

இடமே இல்லாதவர்களுக்கு ஜென்சி, ஜாமிக்ரோ போன்ற அடக்கமான ரகங்கள் இருக்கின்றன. ஜென்சியின் காம்பு தடித்துக் குட்டையாக, சிற்றிலைகள் சுருண்டு நெருக்கமாக இருக்கும். ரேவன் என்ற கருப்பு ரகத்தைக் குட்டை என்று எண்ணி வாங்காதீர்கள். அது மெதுவாக வளரும், அவ்வளவுதான். இருக்கிற செடியோடு ஒட்டுதல் வந்துவிட்டவரிடம் "வேறு வாங்கு" என்பது ஒரு யோசனையே இல்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

யாருக்கு எது

செடி சாய்கிறது, நீண்டு மெலிந்திருக்கிறது, ஆனால் தண்டுகள் குறைவுதான் என்றால் இடத்தை மாற்றுங்கள், மோசமான ஒன்றிரண்டை மண்ணோடு வெட்டுங்கள். கிழங்கைத் தொட வேண்டாம். வடிவம் நன்றாக இருக்கிறது, இதே அளவில் நின்றால் போதும் என்றால் தொட்டியை மாற்றாமல் உரத்தை நிறுத்துங்கள். தொட்டி பிதுங்குகிறது, தண்ணீர் இறங்கவில்லை, செடியோ அதே மூலையில்தான் இருந்தாக வேண்டும் என்றால் கிழங்கைக் குறைத்து அதே தொட்டிக்குத் திருப்புங்கள். பிரிப்பதை, கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெரிய செடியின் பிரச்சினை மூன்று நடுத்தரச் செடிகளின் பிரச்சினையாக மாறும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிழங்கு வேலையை வெதுவெதுப்பான, செடி சுறுசுறுப்பாக வளரும் பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் வெட்டுக்காயம் ஆற நாளாகும். மண்ணில் புதுக் குருத்து தலைநீட்டியிருந்தால் அன்று தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். இளங்குருத்து லேசாகத் தட்டினாலே ஒடிந்துவிடும், ஒடிந்த இடத்திலிருந்து மறுபடி வராது. அது விரிந்து கரும்பச்சையாக இறுகட்டும், ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போவதால் எந்த நஷ்டமும் இல்லை.